சமதரையில் ஓடும் வண்டி மேட்டில் ஏன் நிற்கிறது?

கேள்வி கேட்ட தம்பி சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன். 2007இல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானிய செடான், ஆட்டோ கியர். 2017இல் சிஓஇ-யை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். தனியாக வேலைக்குப் போய்வரும்போது ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டார் நால்வரை ஏற்றி, ஏசி போட்டு, அரை மணி நேரம் ஓடிய பிறகு, மரினா கடலோர விரைவுச்சாலைச் சுரங்கத்திலிருந்து மேலே ஏறும்போது வண்டி இரண்டு மூன்று முறை குலுங்குகிறது, இழுக்க மறுக்கிறது, நின்றுவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. இதுவரை ப்ளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயில், நான்கு ப்ளக் மாற்றி, இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியும் கழுவியாகிவிட்டது. ஸ்கேனரில் ஒரு தடவை பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்தது, அழித்த பிறகு காணோம். அடுத்து எதை மாற்றுவது, அடுத்த மாதம் இதே வண்டியில் பினாங்கு போகலாமா என்று கேட்கிறார். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ஜோகூர் போகும்போது மட்டும் வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லையாம்.

தம்பி, அடுத்து எதையும் மாற்றாதீர்கள். பாதிப் பதிலை நீங்களே அந்தக் கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள்.

ஜோகூர் போகக் கடற்பாலத்தைத் தாண்டும் சிங்கப்பூர் வண்டியின் டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, உங்கள் வண்டி முக்கால் டாங்கோடு போகும்போது நிற்பதில்லை. மற்ற நாளில் எவ்வளவு பெட்ரோலோடு ஓட்டுகிறீர்கள்? நம்மில் பலரைப் போல, ஊசி கீழே படுத்த பிறகுதான் பெட்ரோல் நிலையம் போவீர்கள் என்று நினைக்கிறேன். பெட்ரோல் பம்ப் டாங்குக்குள்ளே, பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. டாங்க் காலியாகக் காலியாக பம்ப் சூடாகும், தேய்ந்த மோட்டார் திணறும், அடியில் படிந்த கசடு பம்பின் வலையில் வந்து அடைக்கும். மேட்டில் ஏறும்போது மிச்ச பெட்ரோலும் பின்பக்கம் ஒதுங்கும். புது வண்டியில் பம்பைச் சுற்றியுள்ள சின்னக் கிண்ணம் இதைச் சமாளிக்கும். பதினெட்டு இருபது வயது வண்டியில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இது ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. ஆனால் உங்கள் வண்டிக்குப் பார்த்த வைத்தியத்தில் என்ன தவறு என்று இதிலேயே தெரிகிறது. யாரும் வண்டி எப்படி நின்றது என்று கேட்கவில்லை. எந்தப் பாகம் பழசு என்று பார்த்து மாற்றியிருக்கிறார்கள். பழைய வண்டியில் எல்லாப் பாகமும்தான் பழசு.

இன்ஜின் அணையும் விதத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று போவது. குலுக்கல் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் தொப்பென்று பூஜ்யத்தில் விழும். இது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு: இன்ஜின் சுழல்வதைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சார், மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், இல்லையென்றால் எங்காவது தளர்ந்த ஒரு வயர். கிராங்க் சென்சார் சூட்டில் செத்து, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும். அதனால் "பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது" என்பதை மட்டும் வைத்து பம்ப் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது சாதி, திக்கித் திணறி அணைவது. மிதித்தால் இழுக்காது, இன்னும் மிதித்தால் மோசமாகும், காலை லேசாக எடுத்தால் கொஞ்சம் உயிர் வரும், மறுபடி மிதித்தால் குலுங்கி நிற்கும். இது பசி. பெட்ரோல் போதவில்லை, அல்லது வரும் காற்றின் அளவை வண்டி தப்பாகக் கணக்கிடுகிறது. உங்களுடையது இரண்டாவது சாதி. பி0171-உம் அதையே சொல்கிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அதன் பொருள். காயில் போனால் அந்தக் குறியீடு தனியாக வருவது அபூர்வம். சிலிண்டர் எண்ணோடு மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை) என்ற குறியீடு வரும், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு கண்ணடிக்கும். நான்கு காயிலுக்குக் கொடுத்த காசு போனதுதான், வருத்தமாக இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் சமதரையில் ஒன்றும் தெரியவில்லை? சும்மா நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் இன்ஜின் குடிப்பது மிகக் கொஞ்சம். முழுதாக மிதித்து மேடேறும்போது அதைப்போல் பல மடங்கு குடிக்கும். பாதி செத்த பம்பும் சின்னத் தேவையைத் தாராளமாகச் சமாளித்துவிடும். நம் ஊரோ தட்டையான ஊர். புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். இங்கே ஒரு பலவீனமான பம்ப் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். நாம் தினமும் சந்திக்கும் உண்மையான ஏற்றம் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவும், சுரங்கச்சாலையிலிருந்து வெளியே வரும் ஏற்றமும்தான். மரினா கடலோரச் சுரங்கத்தின் ஒரு பகுதி கடலடிக்கும் கீழே போகிறது, ஏறி வரத்தானே வேண்டும்? அதனால்தான் உங்கள் வண்டி அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறும் இதுதான். வண்டியை நிறுத்தி வைத்து, ஐடிலில், அதாவது இன்ஜின் சும்மா ஓடும்போது, பெட்ரோல் அழுத்தம் பார்ப்பார்கள். பல ஜப்பானிய வண்டிகளில் அது 44 முதல் 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் (உங்கள் வண்டியின் சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள்). முள் 46 காட்டும். "பம்ப் ஓகே" என்று அடுத்த பாகத்துக்குப் போய்விடுவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவனுடைய மூச்சை எண்ணிவிட்டு, மாடி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? அளவு எடுக்க வேண்டியது நோய் வரும் நேரத்தில்.

காசு செலவில்லாத சோதனையில் தொடங்குங்கள். அடுத்த தடவை நின்றதும், பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு, பெட்ரோல் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று பலமாகக் காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் பம்ப் தப்பித்தது. டாங்குக்குக் காற்று வரும் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. லேசான சத்தம் எல்லா வண்டியிலும் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இன்னொன்று, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி பின்சீட்டில் காதை வைத்துப் பம்ப் முனகுகிறதா என்று கேட்கச் சொல்வார்கள். சில வண்டிகளில் ஸ்டார்ட் அடிக்கும்போதுதான் பம்ப் ஓடும். ஆகவே சாவி ஆனில் சத்தம் இல்லை என்பதால் மட்டும் பம்ப் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் ஸ்கேனர். போனோடு புளூடூத்தில் பேசும் சின்ன கருவி போதும், உங்கள் வண்டியின் வயதுள்ள கார்களில் பெரும்பாலும் வேலை செய்யும். போனைப் பக்கத்தில் உட்காருபவர் பிடிக்கட்டும். ஓட்டிக்கொண்டே கையில் போன் பிடிப்பது இங்கே குற்றம், அதோடு ஆபத்து. டாங்கில் கால்வாசி பெட்ரோல், உள்ளே நான்கு பேர், ஏசி ஆன். ஏற்றத்தில் மிதிக்கும்போது முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். பழைய வகைச் சென்சாராக இருந்தால், முழுதாக மிதித்ததும் அது 0.8, 0.9 வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். பலம் கொடுக்க வண்டி பெட்ரோலைத் தாராளமாக ஊற்றுகிறது என்று அர்த்தம். மிதித்ததும் 0.9-க்குப் போய், இரண்டு மூன்று விநாடியில் 0.1-க்குச் சரிந்து, அதே நேரம் வண்டி குலுங்கினால், இன்ஜின் பெட்ரோலுக்கு ஏங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். கூடவே ஃப்யூவல் ட்ரிம் என்ற எண்ணையும் கவனியுங்கள், வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலை வண்டி கூட்டி ஊற்றுகிறது என்று அது காட்டும். ஐடிலில் பத்துக்குள் இருந்து, சுமையோடு ஓட ஓட 20, 25 என்று ஏறினால் பம்ப் பக்கமோ, உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃபுளோ சென்சார் பக்கமோ தேட வேண்டும். தலைகீழாக, ஐடிலில் 20-ஆக இருந்து வேகமெடுத்ததும் சரியாகிவிட்டால் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் எங்கோ ஒரு வேக்கும் ஹோஸ் (ரப்பர் குழாய்) கசிந்து காற்றை இழுக்கிறது. அது உங்கள் கதை இல்லை.

பசி உறுதியானால் பம்ப் வாங்க ஓடாதீர்கள். நடுவில் ஒரு படி இருக்கிறது, என் சொந்த அனுபவத்தில் நான் தாண்டிக் குதித்துப் பட்ட படி. பல வருடங்களுக்கு முன் என்னிடமிருந்த பழைய காரும் இப்படித்தான் மண்டாய் பக்கம் நின்று நின்று போகும். பம்ப் மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. கடைசியில் பின்சீட்டைத் தூக்கிவிட்டு, பம்ப் கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் ஊசியைச் செருகி, இன்ஜின் ஓடும்போது அளந்தேன். பேட்டரியில் 14 வோல்ட், பம்புக்கு வந்து சேர்ந்தது 11 சொச்சம். மீதி எங்கே போனது? கம்பளத்துக்கு அடியில் எர்த் வயர் பாடியில் முடுக்கியிருந்த இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. இங்குள்ள ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும், அதோடு என்றோ ஒரு மழைநாளில் கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்கினேன். 13.6. அதன் பிறகு அந்த வண்டி நிற்கவே இல்லை. புது பம்ப் அந்த ஒரு வாரம் எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், புதிது என்பதால் குறைந்த வோல்ட்டிலும் கொஞ்சம் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பம்ப் முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே, கனெக்டர், எர்த் என்று தேட வேண்டும். சில வண்டிகளில் மெதுவாக ஓடும்போது பம்புக்கு வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பார்கள், அதனால் மிதிக்கும்போது வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். வோல்ட் சரியாக வந்தும் அழுத்தம் சரிந்தால், அப்போது பம்ப்தான் குற்றவாளி. ஓட்டத்தில் அழுத்தம் பார்ப்பதை மட்டும் பட்டறையில் விடுங்கள். நீளமான ஹோஸோடு கேஜை மாட்டி, கண்ணாடிக்கு வெளியே வைப்பர் அடியில் செருகிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் வேலை, வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் செய்யக்கூடாது.

பம்ப் மாற்ற டாங்கை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு தடவை யோசியுங்கள். கொரோலா அல்டிஸ் போன்ற பல செடான்களில் பின்சீட்டு மெத்தையைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி இருக்கும், அதன் வழியாகவே பம்பை வெளியே எடுக்கலாம். ஃபில்டரும் பல வண்டிகளில் அதே கூட்டுக்குள்தான். பம்ப் மட்டும் மாற்றி, பழைய ஃபில்டரையும் வலையையும் திரும்பப் போட்டுவிட்டால் பாதி வேலைதான். விலை மலிவான பெயரில்லாத பம்புகளை நான் போடமாட்டேன். ஒரு வருடத்தில் மறுபடி சீட்டைத் தூக்க வைக்கும்.

சரி, பெட்ரோல் அழுத்தம் கடைசிவரை சரியாகவே நின்றால்? அப்போது காற்றுப் பக்கம் வாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஏர்ஃபுளோ சென்சாருக்குள் முடி போன்ற மெல்லிய கம்பி உண்டு. அதில் தூசியும் எண்ணெயும் படிந்தால் பத்து பங்கு காற்று வந்தாலும் எட்டு என்று சொல்லும், வண்டியும் எட்டுக்கான பெட்ரோலையே ஊற்றும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவி, காயவிட்டு மாட்டுங்கள். பிரேக் கிளீனர், கார்ப் கிளீனர் வேண்டாம். துணியோ விரலோ அந்தக் கம்பியில் படவே கூடாது.

இதைவிடச் சுவையான கோளாறு ஒன்று உண்டு, அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது. ஏர்ஃபுளோ சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். சூட்டில் வெந்து வெந்து மடிப்பின் அடிப்பக்கத்தில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் தேய்ந்த வண்டியில், மிதித்ததும் இன்ஜின் ஒரு பக்கம் சாயும், வெடிப்பு வாய் திறக்கும், கணக்கில் வராத காற்று உள்ளே போகும். காலை எடுத்தால் வாய் மூடிக்கொள்ளும். நிறுத்தி வைத்து எத்தனை முறை பார்த்தாலும் எல்லாம் நன்றாகவே இருக்கும். குழாயைக் கழற்றி, கையில் வளைத்து, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, நான் இதை வோல்ட் பார்ப்பதற்கு முன்பேகூடச் செய்துவிடுவேன்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் அடைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் பழைய காயில்கள் உண்மையிலேயே கெட்டிருந்தால், எரியாத பெட்ரோல் உள்ளே போய் அதன் தேன்கூட்டை உருக்கியிருக்கலாம். ஆனால் அடைத்த வண்டி குலுங்காது. கழுத்தைப் பிடித்ததுபோல் மெல்ல மெல்ல இழுவை குறையும், சமதரையிலும் வேகம் ஏறாது, டாங்கில் எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் கேஜ் வைத்தால் 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக்கூடாது. ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டாலும் கதை முடிந்தது. உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டுக் காலிக் கூட்டை மாட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், பத்தாண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் வரும் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்ளும்.

சிக்னலில் நிற்கும்போது ஏசி போட்டதும் அணைவதும், வேகம் குறைத்து நிற்கப்போகும்போது அணைவதும் வேறு வியாதிகள். அவற்றுக்குத்தான் பெரும்பாலும் த்ராட்டில் பாடி கழுவ வேண்டும். உங்களுக்குச் செய்தது வீண்செலவு இல்லை, ஆனால் இந்த நோய்க்கு மருந்தும் இல்லை.

இதற்கிடையில் மறுபடி சுரங்கத்தில் நின்றுவிட்டால்: அபாய விளக்கைப் போடுங்கள், உருளும்போதே நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை ஸ்டார்ட் அடித்துப் பாருங்கள். சாவியை முழுதாக வெளியே எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் போனால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கில் ஓரிரு அழுத்துக்கு மட்டுமே பழைய மென்மை இருக்கும், ஆகவே விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். விரைவுச்சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துப்போய் விடும். கோளாறைச் சரிசெய்யும்வரை டாங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இது மருந்து இல்லை, காய்ச்சலுக்கு ஈரத்துணி மாதிரி. ஆனால் அதுவே ஒரு சோதனையும்கூட. பாதிக்கு மேலேயே வைத்து ஓட்டிய இரண்டு வாரமும் ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் பம்பின் மேலுள்ள சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, எந்தப் பட்டறைக்குப் போனாலும் "பம்ப் மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "கால் டாங்கில், சூடான பிறகு, மேட்டில் மிதித்தால் குலுங்கி நிற்கிறது, என்னோடு வந்து ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். கூட வர நேரமில்லை என்று சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம். கழற்றிய பழைய பம்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வலை கறுத்து அடைத்திருந்தால் டாங்கின் அடியையும் துடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் புது வலைக்கும் அதே கதிதான்.

பினாங்கு? இப்போதைய நிலையில் வேண்டாம். முக்கால் டாங்கோடு கிளம்பி ஈப்போ சேரும்போது எத்தனை மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஈப்போ தாண்டியதும் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் நீண்ட மேடு வருகிறது, லாரிகள் தவழ்ந்து ஏறும் இடம். குறைந்த டாங்க், பல மணி நேரச் சூடு, முழுச் சுமை, ஏற்றம் என்று உங்கள் வண்டிக்கு ஒவ்வாதவை எல்லாம் அங்கே ஒன்றுசேரும். சரிசெய்த பிறகு, கால் டாங்கோடு, நால்வரையும் ஏற்றிக்கொண்டு, சூடான மத்தியானத்தில் மவுண்ட் ஃபேபர் சாலையிலும் அந்த மரினா சுரங்கத்திலும் மும்மூன்று தடவை ஏறி இறங்குங்கள். ஒரு குலுக்கல்கூட இல்லையென்றால் கிளம்புங்கள், ஈப்போவுக்கு முந்தைய ஓய்விடத்தில் மட்டும் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.